யாரும் நினைவூட்டாத வேலைகள்

(குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"வேலைகளை மறக்காமல் எப்படி முடிக்கிறீர்கள் என்று பத்து நிமிடம் பேசுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். நான் மறந்துபோன ஒரு வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு விண்ணப்பங்கள் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவியின் விண்ணப்பத்தில் அப்பாவின் கையொப்பம் இல்லை. அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். 'ஊருக்கு வந்ததும் போன் செய்து வரச் சொல்ல வேண்டும்' என்று துண்டுச் சீட்டில் எழுதிப் பாடக்குறிப்பேட்டுக்குள் வைத்தேன். அந்த வாரம் எமிஸ் விவரச் சரிபார்ப்பு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், இடையில் ஒருநாள் பயிற்சி. சீட்டு மறுபடி கண்ணில் பட்டபோது கடைசித் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்தத் தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். அவள் தேர்வாகியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. எழுதிப் பார்க்கும் வாய்ப்பே என்னால் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டபோது அவள் அப்பா, "பரவாயில்லைங்க டீச்சர், உங்களுக்கு எவ்வளவோ வேலை" என்றார். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அதன்பிறகு என்னென்னவோ செய்து பார்த்தேன். கைப்பேசியில் ஒரு செயலி வைத்தேன். அதைத் திறக்கப் போனால் வாட்ஸ்அப் குழுவில் வந்து நிற்பேன். வண்ணத்தாள்களில் எழுதி மேசையில் ஒட்டினேன். நான்காம் நாள் மின்விசிறிக் காற்றில் பறந்தன. விலை கொடுத்து வாங்கிய டைரி, கறை படக்கூடாது என்று பீரோவிலேயே இருந்தது.

ஒருநாள் உட்கார்ந்து அந்த வாரத்தை யோசித்தேன். அந்த வாரம் நான் முடித்த வேலைகளை எல்லாம் யாரோ ஒருவர் எனக்கு நினைவூட்டியிருந்தார். தலைமையாசிரியர் கேட்டார், குழுவில் செய்தி வந்தது, அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். அந்தக் கையொப்பத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கான வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான். செய்யாவிட்டால் விளக்கம் கேட்டு யாரும் கடிதம் அனுப்புவதில்லை.

இப்போது என்னிடம் இருப்பது ஒரே ஒரு 80 பக்க நோட்டு. விரித்தால் இடப்பக்கத்தில் யாராவது கேட்கப்போகும் வேலைகள். வலப்பக்கத்தில் யாரும் கேட்காத வேலைகள். 'கண்ணாடி வேண்டும் என்று சொன்ன பையனின் அம்மாவிடம் பேச', 'மூன்று நாளாக வராதவள் வீட்டுக்குப் போக', 'கழித்தலில் தடுமாறும் நால்வருக்கு மதியம் கால் மணி நேரம்' போன்றவை வலப்பக்கத்தில் வரும்.

இதற்கு நான்கு பழக்கங்கள் போதும்.

ஒன்று, வேறெங்கும் எழுதுவதில்லை. உள்ளங்கையிலும் இல்லை, சாக்பீஸ் டப்பாவிலும் இல்லை. வகுப்பு நடுவே நினைவு வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன்.

இரண்டு, செய்ய வேண்டியதைச் செயலாகவே எழுதுவது. 'உதவித்தொகை' என்று எழுதினால் பார்க்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கும். 'வங்கிக் கணக்குப் புத்தக நகல் கொண்டுவரச் சொல்ல, வியாழன்' என்று எழுதினால் வேலை பாதி தொடங்கிவிட்டது.

மூன்று, மாலை மணி அடித்தபின் ஐந்து நிமிடம். முடிந்ததை அடிப்பேன், முடியாததை மறுநாள் பக்கத்தில் திரும்ப எழுதுவேன். ஒரே வேலையை மூன்றாம் முறை எழுத நேர்ந்தால் நின்று யோசிப்பேன். இது என்னால் ஆகுமா, பிரித்துச் செய்ய வேண்டுமா, சக ஆசிரியரிடம் உதவி கேட்க வேண்டுமா?

நான்கு, வலப்பக்கத்தில் ஒன்றையாவது முடிக்காமல் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. சின்ன வேலையாக இருந்தாலும் சரி.

நான்காவதை எல்லா நாளும் காப்பாற்றினேன் என்று சொன்னால் பொய். தேர்தல் பணி, தேர்வுப் பணி வரும் வாரங்களில் வலப்பக்கம் அப்படியே கிடக்கும். இந்த நோட்டு நம் வேலைப் பளுவைக் குறைக்காது. எது விட்டுப்போகிறது என்பதை மட்டும் தினமும் கண்முன் காட்டும். முன்பு தெரியாமலே விட்டேன்; இப்போது தெரிந்துகொண்டு விட முடியவில்லை.

இப்போதெல்லாம் என் வகுப்புப் பிள்ளைகள் எதையாவது கேட்டுவிட்டு, "நோட்டுல எழுதிக்கோங்க டீச்சர்" என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

புது நோட்டு வாங்க வேண்டாம். கையில் இருக்கும் நோட்டில் இரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் யாரும் உங்களுக்கு நினைவூட்டாத ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளைக்காக முதல் வரியை இன்றே வலப்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.