பிரயாணம் விற்போரும் வரிக் கணக்கும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

நம் பிள்ளைகளிற் சிலர் பிரிட்டன் சென்று, பிரயாண வர்த்தகத்தில் முற்பட்டிருக்கின்றனர். ஆதலின், அத்தேசத்து மதிப்புக் கூட்டு வரியைக் குறித்து இன்று சில கூற விரும்புகின்றோம்.

இவ்வரி அங்கே 1973-இல் ஏற்பட்டது. 2011 முதல் பொது விகிதம் நூற்றுக்கு 20. சாதாரண வியாபாரி, விற்பனையில் வசூலித்த வரியினின்று கொள்முதலிற் கொடுத்த வரியைக் கழித்து, எஞ்சியதையே சர்க்காருக்குச் செலுத்துகின்றான். ஹோட்டல் அறையையும் வண்டியையும் பிறரிடம் வாங்கித் தன் பெயரால் பிரயாணிக்கு விற்பவனுக்கோ வேறு விதி. ஐரோப்பாவில் 1977-இல் வகுத்த முறையைத் தழுவி, பிரிட்டனில் 1988-இல் அஃது அமலுக்கு வந்தது. அதன்படி அவன் அக்கொள்முதல் வரியைத் திரும்பப் பெறலாகாது. கொண்ட விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்திற்கு மட்டுமே வரி. பல தேசங்களில் அறை வாங்குவோன் தேசந்தோறும் வரிக் கணக்குப் பதியும் தொல்லையை நீக்கவே இம்முறை எழுந்தது.

உதாரணம் பாருங்கள். பிரிட்டனுக்குள் ஒரு சுற்றுலாவை 1,000 பவுனுக்கு வாங்கி 1,240 பவுனுக்கு விற்றால், வித்தியாசம் 240. வரி அதனுள்ளேயே அடங்கியிருத்தலின், ஆறில் ஒரு பங்காகிய 40 பவுன் சர்க்காருக்குரியது; நமக்குரியது 200. கொள்முதல் வரி திரும்ப வருமென்று நம்பி, 900 பவுனுக்கு விற்பவன் முதலையே இழப்பான்! பிரிட்டனுக்கு வெளியே நிகழும் பிரயாணத்தின் வித்தியாசத்திற்கு 2021 முதல் வரி பூஜ்யம்.

ஹோட்டல்காரர் பெயரால் விற்றுத் தரகு மட்டும் பெறுவோனை இவ்விதி சாராது. அவனுக்குத் தரகின்மேல் சாதாரண வரியே. சொந்த ஹோட்டலுடையோர் நிலை யாது? டெவன் பிரதேசத்து டார்க்கீ நகர ஹோட்டல்காரர் வழக்கில், 1998-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. வெளியில் வாங்கி விற்ற வண்டிப் பிரயாணத்திற்கே தனி விதி. சொந்த அறைகளுக்குச் சாதாரண விதி.

ஆகவே, யார் பெயரால் விற்கின்றோம் என்பதை முன்னரே ஒப்பந்தத்தில் தெளிவுறுத்துக. பிறரிடம் வாங்கியதையும் சொந்தமானதையும் வெவ்வேறு ஏடுகளில் எழுதுக. இவ்விதிப்படி விற்பவன் தன் பட்டியலில் வரியைத் தனியே காட்டலாகாது. ஆதலால், வாங்குவோர் வியாபாரிகளாயின், அவ்வரி அவர்களுக்குத் திரும்பாதென்பதை முன்னரே சொல்லிவிடுக. இறுதிக் கணக்கு ஆண்டு முடிவிலேயே தீருமாதலின், ஆறிலொரு பங்கை நம் பணமென்று எண்ணாது ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

நாணயமே வணிகனுக்கு முதல். கணக்கே அந்நாணயத்திற்குக் காவல். அயல்நாட்டில் தொழில் செய்யும் நம் மக்களுக்கு இதனை எழுதியனுப்புமாறு பெற்றோர்களை வேண்டி அமர்கின்றோம்.