கடலுக்கு அப்பாலும் நம் லயங்கள்

(குன்னூரில், தோட்டப் பகுதிகளில் நிவாரண வசூலுக்குச் செல்லும் தொண்டர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அயல்நாட்டிலுள்ள ஏழை ஜனங்களுக்கு உதவி என்று சொல்லி உண்டியலைத் தூக்கிக்கொண்டு லைனுக்குள் நுழைந்தால், முதல் வாசலிலேயே ஒரு கேள்வி நம்மை மறித்து நிற்கிறது. "இங்கே நமக்கே மாசக் கடைசியில் கடன் அரிசி. இதில் கடல் தாண்டி அரிசி அனுப்பணுமா?" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர் மீது நாம் கோபம் கொள்வதற்கில்லை. கேள்வி நியாயமானது. பதில் சொல்லத் தெரியாமல் உண்டியலை நீட்டுவதுதான் தவறு. ஆகவே இன்று அந்தக் கேள்விக்கே பதில் சொல்லப் பார்ப்போம்.

கடலுக்கு அப்பால் இருப்பது யார்? அந்நியரா? 1820-களில் காப்பித் தோட்டம் போட வெள்ளைக்காரத் துரைமார்கள் கூலி ஆள் தேடினார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், ராமநாதபுரம் சீமைகளில் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களைக் கங்காணிகள் திரட்டினார்கள். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 2023-ல், இரு நூறு ஆண்டு நிறைவை ஒட்டி, மலையக மக்கள் அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள். இம்முறை கூலியாக அல்ல, உரிமை கேட்டு நடந்தார்கள்.

காப்பி போய்த் தேயிலை வந்தது. அந்தத் தேயிலையால் இலங்கை சர்க்காரின் கஜானா நிறைந்தது. கைம்மாறு என்ன கிடைத்தது? நாடு சுதந்திரமடைந்த அதே 1948-ல் சட்டம் போட்டு இந்த மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். பிறகு 1964 அக்டோபர் 30-ந் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். சந்தையில் ஆட்டை எண்ணிப் பிரிப்பதுபோல ஜனங்களைப் பிரித்தார்கள். 1974-ல் மீதிப் பேரையும் பாதிக்குப் பாதி, 75,000 வீதம் பங்கு போட்டார்கள். அந்த ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஒருவரையாவது கூப்பிட்டு, "உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்டுவிட்டா பேனாவைத் திறந்தார்கள்? அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தாய் ஒரு கரையில், மகள் மறு கரையில். ராமேஸ்வரம் கப்பலில் ஏறியவர்கள் மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து எங்கெங்கோ சிதறினார்கள்.

சிதறியவர்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்த இடம்தான் நமது நீலகிரி. 1968-ல் தமிழக சர்க்கார் இவர்களுக்கென்றே தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-ல் அது 'டான்டீ' கழகமாயிற்று. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பாண்டியாறு என்று காட்டைத் திருத்திச் செடி வைத்தவர்கள் இவர்களே. அங்கே இடம் கிடைக்காதவர்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்திலும் காரட் தோட்டத்திலும் கூலிக்குப் போனார்கள், சரிவுகளில் குடிசை போட்டார்கள். இலங்கையில் இவர்களை 'இந்தியக் கூலி' என்றார்கள். இங்கே 'சிலோன்காரன்' என்றார்கள். எந்தக் கரையில் நின்றாலும் மறு கரையின் பெயரைச் சொல்லித்தான் இவர்களை அழைத்தார்கள்!

ஆகவே, தோழர்களே, அயல்நாடு என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பதுளையிலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருப்பவர்கள் நம் லைனிலிருப்பவர்களின் சித்தி மக்கள், மாமன் மக்கள். அவர்கள் லயம் என்கிறார்கள், நாம் லைன் என்கிறோம். அதே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதே கொழுந்துக் கூடை.

2021-ல் அங்கே என்ன நடந்தது? நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அந்த ஆண்டு மார்ச்சில்தான் தினச் சம்பளம் 1,000 ரூபாய் என்று கெஜட்டில் வந்தது. அதே ஆண்டு ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் இலங்கை சர்க்கார் நிறுத்தியது. இயற்கை விவசாயம் நல்ல சொல்தான். ஆனால் செடிக்கு உத்தரவு படிக்கத் தெரியாதே! சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி மறு ஆண்டில் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. கொழுந்து குறைந்தால் யார் வயிறு குறையும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறித்த கிலோ வரவில்லையானால் முழுப் பெயர் கிடையாது, அரைப் பெயர்தான். 2022 ஏப்ரலில் அந்த நாடு வெளிக்கடன் கட்ட முடியாதென்று கையை விரித்தது. செப்டம்பருக்குள், ஓராண்டுக்கு முந்திய விலையோடு பார்த்தால், விலைவாசி 70 சதவீதம் அளவுக்கு ஏறிவிட்டது. தோட்டத் தொழிலாளிக்குக் காலையும் ராத்திரியும் ரொட்டிதான் சாப்பாடு. அந்தக் கோதுமை மாவின் விலை சில மாதங்களில் பல மடங்காயிற்று. போராடி வாங்கிய ஆயிரம் ரூபாய் கைக்கு வந்ததும் கரைந்தது.

இந்த நிலையில்தான் தமிழ்நாட்டில் உதவிப் பேச்சு எழுந்தது. 2022 ஏப்ரல் 29-ந் தேதி சட்டசபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், 137 வகை மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பொதுமக்களையும் நிதி தரக் கேட்டுக்கொண்டார். மே 18-ந் தேதி முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. அதில் 9,000 டன் அரிசியும் 200 டன் பால்பவுடரும் மருந்துகளும் இருந்தன. நான்கே நாளில் அது கொழும்பைச் சேர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது டன் கணக்கையல்ல. ஆரம்பத்தில் வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழருக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு இருந்தது. அப்போது இலங்கைத் தமிழர் பிரதிநிதிகள் ஒரு வார்த்தை சொன்னார்கள்: தமிழருக்கென்று தனியாக அனுப்பாதீர்கள், பசித்த இலங்கை மக்கள் அனைவருக்கும் அனுப்புங்கள் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். யுத்தத்தில் வீடிழந்தவர்கள், உறவிழந்தவர்கள் சொன்ன வார்த்தை இது. சட்டசபைத் தீர்மானமும் அதன்படியே அமைந்தது. சிங்கள விவசாயியும் அந்த உர உத்தரவால் வயலைத் தரிசாகப் போட்டவன்தான். அவன் வீட்டில் பாலில்லாமல் அழுத குழந்தைக்கும் அதே பால்பவுடர்தான் வேண்டும். ஒரு லயத்துக்கு மூட்டை இறக்கிவிட்டு, பக்கத்துச் சிங்களக் கிராமத்தைத் தாண்டி லாரி போயிருந்தால், அந்த அரிசியோடு கூடவே பகையையும் நாம் இறக்கியிருப்போம்.

சர்க்கார் கொடுப்பது வேறு, ஜனங்கள் கொடுப்பது வேறு என்று சிலர் சொல்லலாம். இரண்டும் வேண்டும். 1992-ல் சோவியத் உதவி நின்று, அமெரிக்க முற்றுகையில் கியூபா திணறியபோது, தோழர் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்நின்று நாடெங்கும் கோதுமை திரட்டினார். பத்தாயிரம் டன் கோதுமை கப்பலேறிற்று. அரை மூட்டை கொடுத்த பஞ்சாப் விவசாயிக்குக் கியூபா எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. நம் மக்களுக்கோ இலங்கை எங்கேயிருக்கிறது என்று சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை!

உதவி என்ற பெயரில் நடக்கும் கூத்துக்களையும் ஒளிக்காமல் பேச வேண்டும். 2009 நவம்பர் மழையில் நமது மாவட்டத்திலேயே மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது முகாம்களில் நாங்கள் வேலை செய்தோம். சமவெளியிலிருந்து லாரி லாரியாகத் துணி வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் கிழிந்த பட்டுப்புடவை, பித்தான் இல்லாத சட்டை, ஒற்றைக்கால் செருப்பு! ராத்திரி குளிரில் குழந்தைகள் நடுங்குகின்றன, கம்பளி எங்கே என்று பார்த்தால் பத்துப் பேருக்கு ஒன்று. மண்வெட்டிக்கும் கடப்பாறைக்கும் ஆளாய்ப் பறந்தோம். துணி அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். வீட்டில் ஆகாததைக் கழிப்பதற்குத் தர்மம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். கொடுக்கும்போது போட்டோ பிடிப்பது இன்னொரு வியாதி. வாங்குகிறவளின் முகத்தைப் பாருங்கள், தலை குனிந்திருக்கும். நம் வசூலில் அந்தக் காட்சி வேண்டாம்.

தொண்டுக்கு நேரில் போகிறவர்களுக்கும் இதே விதிதான். 1938-ல் ஜப்பானியப் படையெடுப்பில் சீனம் எரிந்தபோது இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அவர்களில் ஷோலாப்பூர்க்காரரான துவாரகநாத் கோட்னிஸ் சீன பாஷையைக் கற்றார், அவர்கள் தின்றதைத் தின்றார், 1942 டிசம்பரில் அங்கேயே மாண்டார். வயது 32. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் கூடலூருக்கே வாருங்கள். ஆதிவாசிகளுக்காக 1990-ல் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு வெளியூர் டாக்டர்கள் வந்தார்கள். வந்தவர்கள் மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை, ஆதிவாசிப் பெண்களையே நர்சுகளாகப் பயிற்றுவித்தார்கள். தன் பாஷை பேசும் பெண் ஊசி போட வந்தபோதுதான் பணியர் வீட்டுப் பிரசவங்கள் ஆஸ்பத்திரிப் படியேறத் தொடங்கின. வெளியிலிருந்து வருகிறவர் எத்தனை நாள் இருந்தார் என்பதைவிட, அவர் போன பிறகு வேலை நடக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அரிசி மூட்டை பசியைப் பத்து நாள் தள்ளிவைக்கும். லயத்தை அது வீடாக்காது. 2014 அக்டோபர் 29-ந் தேதி பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்தது. லய வரிசைகள் ஆளோடு மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், மலையகத்தில் மறுபடியும் மண் சரிந்தது. சரிகிற இடத்தில் லயத்தைக் கட்டியது யார்? விளைகிற நிலத்தைத் தேயிலைக்கு வைத்துக்கொண்டு, விளையாத ஓரத்தை ஆளுக்குக் கொடுத்தது யார்? ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் கொடு என்று அந்த மக்கள் பல்லாண்டாகக் கேட்கிறார்கள். இந்திய உதவியில் 14,000 வீடுகள் என்று திட்டமிடப்பட்டது. லட்சக்கணக்கானோர் வாழும் மலையகத்துக்கு அது எம்மாத்திரம்? வீட்டுக் கோரிக்கையையும் சம்பளக் கோரிக்கையையும் சேர்த்துப் பேசாத நிவாரணம், தோட்டக் கம்பெனிகளின் பொறுப்பை நம் தலையில் ஏற்றிக்கொள்வதாகவே முடியும்.

இங்கேயும் கதை அதுவே. இலங்கைக்குக் கப்பல் போன அதே 2022-ல், டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர உத்தரவாயிற்று. காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தச் செடியை வைத்தவனுக்கு வேலை எங்கே, பென்ஷன் வயதில் லைனைக் காலி செய் என்றால் அவன் போக்கிடம் எங்கே என்றுதான் கேட்கிறோம். ஆகையால் முதல் வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நமது பதில் இதுதான்: உங்கள் குறையை விட்டுவிட்டுக் கடல் தாண்டச் சொல்லவில்லை. இங்கே வீடு கேட்கிற அதே வாயால் அங்கேயும் வீடு கேட்போம். இங்கே பானையில் எடுக்கிற அரிசியில் ஒரு பிடி அங்கேயும் போகட்டும்.

2022 வசூலின்போது நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். கூடலூர்ப் பக்கம் ஒரு லைனில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, "என் தங்கச்சி பண்டாரவளையில இருக்கா. கடுதாசி நின்னு வருஷம் ஆச்சு. நான் குடுத்தா அவளுக்குப் போய்ச் சேருமா?" என்று கேட்டார். சேரும் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. "யாருக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாதம்மா, சிங்களவர் வீட்டுக்கும் போகலாம்" என்றோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு உள்ளே போய் முந்தானை முடிச்சிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து வந்தார். ரசீதில் என்ன பெயர் போடட்டும் என்றதற்குத் தன் பெயரைச் சொல்லவில்லை, தங்கச்சியின் பெயரைச் சொன்னார். அப்படியே எழுதிக் கொடுத்தோம்.