கல்லும் அதன் பெயரும்

(விழா அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



புதுமனை கட்டுவோர் தளத்திற்குக் கல் தேடிக் கடைக்குச் செல்வர். முகம் தெரியும்படி மெருகேறிய கல் எதுவாயினும், கடைக்காரர் அதனை ‘மார்பிள்’ என்பார். வாங்குவோரும் அவ்வாறே அழைப்பர். அந்த வழக்கால் வீட்டிற்குக் கேடொன்றும் இல்லை. ஆனால் அதே கல் இத்தாலியிலிருந்தோ துருக்கியிலிருந்தோ கப்பலேறி இந்தியத் துறைமுகத்தை அடையும்போது, அதன் பெயர் வெறும் அழைப்புச் சொல்லாக நிற்பதில்லை. செலுத்த வேண்டிய தீர்வை எவ்வளவு, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டா என்பவை எல்லாம் அப்பெயரையே சார்ந்துள்ளன.

பண்டங்களை வகைப்படுத்த உலக நாடுகள் பொதுவான எண்முறை ஒன்றைக் கைக்கொண்டுள்ளன. இன்று உலகச் சுங்க அமைப்பு எனப்படும் நிறுவனம் வகுத்த அம்முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவின் 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையும் அம்முறையைத் தழுவியதே. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் உட்தலைப்பையும் காட்டும். இந்தியா எட்டு இலக்கங்கள் வரை பகுத்துள்ளது.

கட்டடக் கல்லுக்கு இரண்டு அத்தியாயங்களில் இடம் உண்டு. சலவைக்கல், டிராவர்ட்டைன், பிற சுண்ணக்கற்கள் ஆகியவை 2515இலும், கிரானைட், மணற்கல் முதலியவை 2516இலும் அடங்கும். ஆயினும் ஓர் எல்லை உண்டு. கல் கரடுமுரடாகச் செதுக்கப்பட்டதாகவோ, சதுரமாகவோ செவ்வகமாகவோ அறுக்கப்பட்டதாகவோ மட்டும் இருத்தல் வேண்டும். அதற்குமேல் தேய்த்து மெருகிட்டாலும், விளிம்பைச் சரித்தாலும், அது 25ஆம் அத்தியாயத்தை விட்டு நீங்கி 6802 என்னும் தலைப்பிற்குச் சென்றுவிடும். வேலைப்பாடு செய்த சிலேட்டுக் கல்லுக்கு 6803. கற்பொடியைப் பிசினால் பிணைத்துச் செய்த செயற்கைக் கல்லுக்கு 6810. சுட்ட மண்ணாலான தள ஓட்டுக்கு 6907. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் நான்கு பலகைகள் நான்கு இடங்களில் அமர்கின்றன.

ஆகவே கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. இக்கல் எது? இதன்மேல் எவ்வளவு வேலை நடந்துள்ளது? இரண்டாம் வினாவிற்குக் கண்ணும் கையும் பெரும்பாலும் விடை தரும். முதல் வினாவே கடினமானது. நீர்த்த அமிலத் துளி பட்டால் சலவைக்கல் நுரைக்கும், கிரானைட் நுரைக்காது. ஆனால் சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மறுபடிகமான சுண்ணாம்புக்கல்லே சலவைக்கல்லாதலின், அவ்விரண்டையும் பிரித்தறிய நிலவியலாரின் நுண்ணோக்கி தேவைப்படுகிறது.

இந்நுட்பம் தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் பெயர்களைப் பொது என்றும் சிறப்பு என்றும் பகுத்துள்ளார். மரம் என்பது பொதுப்பெயர். பனை என்பது சிறப்புப்பெயர். பனையெல்லாம் மரமே, மரமெல்லாம் பனையல்ல. அவ்வாறே சலவைக்கல்லெல்லாம் சுண்ணக்கல்லே. சுண்ணக்கல்லெல்லாம் சலவைக்கல் அல்ல. மெருகிட்ட பின்னும் இவ்வேறுபாடு நீங்குவதில்லை. மெருகிட்ட சலவைக்கல் 6802 91இலும், பிற சுண்ணக்கல் 6802 92இலும், கிரானைட் 6802 93இலும் தனித்தனியே நிற்கின்றன.

இவ்வேறுபாடு ஒரு வணிகரின் பொருளையும் நற்பெயரையும் காத்த வரலாறு உண்டு. இறக்குமதியாளர் ஒருவர் தாம் தருவித்த பலகைகளைச் சுண்ணக்கல் என்று குறித்தார். சந்தையில் இது சலவைக்கல் என்றே விற்கப்படும், சலவைக்கல் இறக்குமதியோ கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது என்று கூறிச் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1990இல் முடிவுற்றது. தீர்வைச் சட்டத்தின் சொற்களுக்குச் சந்தை வழக்கில் உள்ள பொருளைக் கொள்வதே பொதுவிதி. ஆனால் இங்கே சட்டத் தலைப்பே சலவைக்கல்லையும் பிற சுண்ணக்கற்களையும் வேறுவேறாக எண்ணியுள்ளது. சட்டம் பிரித்து வைத்ததைச் சந்தையின் வாய்மொழி ஒன்றாக்க இயலாது என்பதே நீதிமன்றம் கண்ட முடிவு. இறக்குமதியாளர் வென்றார். தெரிந்தே சட்டத்தை மீறாதவர்மீது தண்டம் சுமத்தலாகாது என்பதும் அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது.

2011 முதல் இறக்குமதியாளரே தம் சரக்கை வகைப்படுத்தித் தீர்வையைக் கணக்கிட்டு அறிவிக்கும் முறை வந்துள்ளது. அரசு அவர் சொல்லை முதலில் நம்புகிறது. அந்நம்பிக்கைக்கு ஈடாக உண்மையை எதிர்பார்க்கிறது. குறைவாகச் செலுத்திய தீர்வையைக் கேட்கும் காலவரம்பிலும் இது புலப்படும். அறியாது நேர்ந்த பிழைக்கு 2 ஆண்டுகள். வேண்டுமென்றே பொய் உரைத்தாலோ உண்மையை மறைத்தாலோ 5 ஆண்டுகள். ஐயம் உள்ளவர் சரக்கை வரவழைக்கும் முன்னரே முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகித் தெளிவு பெறலாம். துறைமுகத்தில் கொள்கலன் தேங்கி நாள்தோறும் கட்டணம் ஏறுவதைவிட அது நலம்.

கல் வணிகத்தில் ஈடுபட்டுள்ள குடும்பத்தாரும், கல் வாங்க இருப்போரும் உளங்கொள்ளத்தக்கது இதுவே. மெருகு கல்லின் முகத்தை மாற்றும். அதன் இனத்தை மாற்றாது. மெருகிட்டதை அறுத்த கல் என்று சொல்வதும், பிசின் கலந்ததை இயற்கைக் கல் என்று சொல்வதும் ஒரு நாள் ஆதாயம் தரலாம். சோதனைச் சாலையின் ஓர் அறிக்கை அதனைப் பறித்துவிடும். உள்ளதை உள்ளவாறே எழுதியவருக்கோ, சந்தை முழுதும் வேறு பெயர் சொன்ன போதும், எழுதிய அந்தச் சொல்லே துணை நின்றது.