மருந்துக்கு மசியாத கிருமிகள்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரிக் கிருமிகளைப் பற்றிப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணலாம். அவற்றுக்கும் கோழிப் பண்ணைக்கும் உள்ள தொடர்பை அறிந்தால் அவ்வாறு எண்ணமாட்டீர்கள்.

ஒரே பூச்சிமருந்தை ஆண்டுதோறும் தெளித்து வந்தால் நேரிடுவதை நாம் அறிவோம். பெரும்பாலான பூச்சிகள் மடிகின்றன. மருந்தைத் தாங்கிய சில மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. பாக்டீரியா என்னும் கிருமிகளிடமும் இதுவே நடைபெறுகிறது. ஆனால், ஈ.கோலை என்னும் குடற்கிருமி, தக்க சூழ்நிலையில், 20 நிமிஷத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக் கூடியது.

கிருமியின் குணங்களை நிர்ணயிப்பவை அதன் மரபணுக்கள். மருந்தை எதிர்க்கும் குணம் இரு வழிகளில் அமைகிறது. ஒன்று, மரபணுவில் தற்செயலாக ஏற்படும் மாறுதல். அது சந்ததிக்குச் செல்லும். மற்றொன்று, பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையத்தைப் பக்கத்திலுள்ள கிருமியிடமிருந்து பெறுவது. அண்டை வீட்டாரிடம் விதை வாங்குவது போன்றது இது. ஆனால் கொடுத்த கிருமி எதையும் இழப்பதில்லை. வேறு இனக் கிருமிக்குக்கூட அவ்வளையம் செல்லும்.

கொலிஸ்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பற்றும் கிளெப்ஸியெல்லா போன்ற கிருமிகள் பிற மருந்துகளுக்கு மசியாதபொழுது, டாக்டர்கள் கடைசியாகக் கையாளுபவற்றுள் அது ஒன்று. அதே மருந்து, கோழிகளும் பன்றிகளும் விரைவில் எடை கூடுவதற்காகப் பல நாடுகளில் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணு, பிளாஸ்மிட் வளையத்தில் இருப்பதைச் சீன ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் அறிவித்தனர். மருந்து ஒட்டாதபடி கிருமியின் மேலுறையை மாற்றுவதே அதன் வேலை. பன்றிகளிடமும், இறைச்சியிலும், ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் அது காணப்பட்டது.

தீவனத்தில் இம்மருந்தைக் கலப்பதைச் சீனா 2017-இல் நிறுத்தியது. அதன்பின் பன்றிகளிடமும் மக்களிடமும் அம்மரபணு குறைந்தது. இந்திய சர்க்கார் 2019 ஜூலையில், உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பிலும் தீவனத்திலும் கொலிஸ்டினைத் தடை செய்தது. ஆகவே, நாம் நிறுத்தினால் பலன் உண்டு.

நாம் செய்யவேண்டியவை சில. கால்நடை டாக்டரின் யோசனையின்றித் தீவனத்திலோ தண்ணீரிலோ மருந்து கலக்கலாகாது. கொட்டகைச் சுத்தமும் தடுப்பூசியும் மருந்துச் செலவைக் குறைக்கும். சிவப்புக் கோடிட்ட மாத்திரைகளை டாக்டர் சீட்டின்றி வாங்கலாகாது. மீந்ததைப் பிறருக்குக் கொடுத்தலும் ஆகாது. கோழி எருவை நன்கு மக்கவைத்தே வயலுக்கு இடவேண்டும். இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பது உறுப்பினர்களின் கடமை.

நாளை பிரசவத்திற்கோ அறுவைச் சிகிச்சைக்கோ ஆஸ்பத்திரி செல்பவர் நம் வீட்டாராகவே இருக்கலாம். அன்று டாக்டர் கையிலுள்ள மருந்து பலிக்கவேண்டுமாயின், இன்று நாம் அதை வீணாக்காமல் காத்திடல் வேண்டும்.