கைத்திறனும் தொழிற்பயிற்சியும்



பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்த நம்மவர் பலர் கையில் ஒரு தொழிலோடுதான் வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தனர். தோல் பதமாயிற்றா என்பதை அவர்கள் தொட்டே அறிவர். அக்கல்வியை எப்பள்ளியும் அவர்களுக்கு அளிக்கவில்லை. இன்று அங்கே பதனிடும் தொழில் பெரிதும் அகன்றுவிட்டது. பையும் வாரும் தைக்கும் தொழில் நிலைத்திருக்கிறது.

அத்தகைய தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இருபது ஆண்டு தோல் வெட்டியவர் அவர். உருப்படிக் கணக்கில் கூலி பெறுகிறார். அவருடைய திறமைக்கு எழுத்துச் சான்று ஏதுமில்லை. பட்டறை மூடப்பட்டால் அவர் மறுநாளே தொழிலறியாதவராகக் கருதப்படுகிறார். ஊர் திரும்பி ஒரு சிறு பட்டறை வைக்க விரும்பினால் கடன் கொடுப்போர்க்குக் காட்டவும் அவரிடம் ஒன்றுமில்லை.

இக்குறையை நீக்க முயன்ற முன்னோடிகளுள் ஒன்று இந்நகரிலேயே தோன்றியது. 1967ஆம் ஆண்டு ஒர்லியில் ‘சிரமிக் வித்யாபீடம்’ அமைக்கப்பட்டது. தொழிலாளரின் தேவையை முதலில் கேட்டறிந்து, அதற்கேற்பப் பாடத்தை வகுப்பதே அதன் நெறி. அம்முறை நாடெங்கும் பரவி, 2000ஆம் ஆண்டில் ‘ஜன் சிக்ஷண் சன்ஸ்தான்’ என்னும் பெயர் பெற்று, எழுத்தறியாதாரையும் பள்ளியை இடையில் விட்டாரையும் நாடிச் செல்கிறது.

கிராம இளைஞர்க்கென 1979இல் ‘டிரைசெம்’ திட்டம் வந்தது. பயிற்சி பெற்றோர் பலர் கற்ற தொழிலை மேற்கொள்ளவில்லை. அவ்வூரில் விலை போகாத பண்டத்தைச் செய்யக் கற்பித்தால் பயன் யாது? 1999இல் அத்திட்டம் வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பட்டது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்னறிவை ஏற்கும் முறை இடம்பெற்றது. ஏற்கெனவே தொழிலறிந்தவரைச் சோதித்து, குறைந்ததை மட்டும் கற்பித்துச் சான்றிதழ் வழங்குவது அது. இது நல்ல வழி.

எனினும் வழி நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. நாட்கூலி பெறுவோர் பகல் வகுப்புக்கு வந்தால் அன்றைய அடுப்பு எரியாது. ஆதலின் வகுப்பு மாலையிலோ பட்டறையிலோ நடைபெறல் வேண்டும். அன்றேல் இழந்த கூலியை ஈடுசெய்தல் வேண்டும். தமிழில் தொழில் கற்றவரை அவரறியாத மொழியில் வினவினால், சோதிக்கப்படுவது அவர் கைத்திறன் அன்று, மொழியறிவே. கைத்திறனைக் கையால் செய்து காட்டச் சொல்வதே முறை. கூடுதலாகக் கற்பிக்க வேண்டியவை கணக்கு, விலை மதிப்பீடு, வங்கி நடைமுறை ஆகியவை. இவையே கூலியாளைப் பட்டறை உடையவராக்கும்.

இதில் நமக்கும் பங்குண்டு. மாதுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவியோர் நம் பிள்ளைகளின் கல்விக்கு வழிகோலினர். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் படித்த தமிழர், வாரத்தில் இரு மாலைகளைத் தாராவித் தொழிலாளர்க்கு ஒதுக்கலாம், விண்ணப்பத்தைத் தமிழில் விளக்கலாம், கணக்கெழுதக் கற்பிக்கலாம். அறிந்த தொழிலுக்கு உரிய மதிப்பைத்தான் அவர்கள் வேண்டுகின்றனர். அதைப் பெற்றுத் தர முயல்வோமாக.