சாலையும் சமயமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒவ்வொரு சமயத்தைச் சார்ந்தவரும் தம் சமயம் அன்றாட வாழ்வுக்கு உணர்த்தும் நெறியைப் பற்றி இம்மேடையிலே சிறிது நேரம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு நம் காலனியின் கிறிஸ்தவக் குடும்பங்களின் சார்பாகப் பேசும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. செபத்தைப் பற்றியோ தருமத்தைப் பற்றியோ பேசுவோம் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நாம் பேச விழைவது வண்டி ஓட்டுதலைப் பற்றி. இன்று இக்காலனியில் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ இல்லாத வீடு அரிது. ஆராதனைக்கு வாரத்தில் ஒரு நாள் செல்கிறோம். சாலையில் நாள்தோறும் செல்கிறோம். ஒருவனுடைய விசுவாசம் அவன் உள்ளத்தில் எவ்வளவு தூரம் வேரூன்றியுள்ளது என்பதை, அவன் கோயிலில் பாடும் பாட்டைக் காட்டிலும் அவன் வண்டி ஓட்டும் முறை தெளிவாகக் காட்டிவிடும் என்பதே எம் கருத்து.

இது புதிய கருத்தன்று. பழைய ஏற்பாட்டில், இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில், ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. யெஸ்ரயேல் நகரத்துக் கோபுரத்திலே நின்ற காவற்காரன், தொலைவில் ஒரு கூட்டம் வருவதைக் காண்கிறான். வருகிறவனுடைய முகம் அவனுக்குத் தெரியவில்லை. ஆயினும் இரதம் வரும் வேகத்தைக் கண்டே, அவன் யெகூவாகத்தான் இருக்க வேண்டும் என்று அரசனுக்கு அறிவிக்கிறான். அவ்வூகம் பொய்க்கவில்லை. அன்றைய தினமே யெகூவின் அம்புக்கு அவ்வரசன் இரையானான். முகத்தைக் காணாமலே, ஓட்டத்தைக் கொண்டு ஆளை அறியலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா?

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் உண்டு. அலுவலகத்திலே மேலதிகாரி இருக்கிறார். வீட்டிலே பெரியோர் இருக்கின்றனர். கோயிலிலே போதகர் இருக்கிறார். அங்கெல்லாம் நம் பெயரும் குடும்பமும் தெரிந்தவர் நடுவே நாம் அடங்கி நடக்கிறோம். சாலையிலோ நம்மை அறிந்தவர் எவரும் இல்லை. எதிரே வருபவன் யார் என்று நமக்குத் தெரியாது. நாம் யார் என்று அவனுக்கும் தெரியாது. அவனை மீண்டும் சந்திக்கப் போவதும் இல்லை. அங்கே நாம் காட்டும் பொறுமை, நயந்து பெறுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் காட்டும் பொறுமை. ஆதலின் அதுவே மெய்யான பொறுமை.

இரயில்வேக் குடும்பத்தாராகிய நமக்கு இதை விளக்கும் விதி ஒன்று உண்டு. தானியங்கிச் சிக்னல் உள்ள பாதையிலே சிக்னல் சிவப்பாக இருந்தால், இரயிலை ஓட்டுபவர் பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் நின்று காத்திருந்து, பின்னரே மிக்க எச்சரிக்கையோடு மெல்லச் செல்ல வேண்டும். நள்ளிரவு; சுற்றிலும் வயல்வெளி; பார்ப்பவர் எவரும் இல்லை. ஆயினும் அவர் அந்த 2 நிமிடமும் நிற்கிறார். முன்னே செல்லும் வண்டியில் உறங்குவோர் அவரை அறியார். அவர் காத்திருந்ததையும் அறியார். இப்படிக் காத்திருப்பதற்கே எங்கள் திருமறையில் அன்பு என்று பெயர்.

அவ்வன்பை விளக்க எங்கள் ஆண்டவர் கூறிய உவமை ஒன்றை நீங்கள் யாவரும் கேட்டிருப்பீர்கள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் 10ஆம் அதிகாரத்தில் அது உள்ளது. பிறன் என்பவன் யார் என்று ஒரு நியாயசாஸ்திரி வினவ, விடையாக அவர் காட்டியது ஒரு சாலையை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் அச்சாலை ஏறத்தாழ 1000 மீட்டர் கீழிறங்கும் மலைப்பாதை. அங்கே கள்வரால் அடியுண்டு ஒருவன் கிடக்கிறான். ஆசாரியன் ஒருவனும் லேவியன் ஒருவனும் அவனைக் கண்டும் விலகிப் போயினர். அந்நியனாக எண்ணப்பட்ட சமாரியனே இறங்கி வந்து, காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சென்று, சத்திரக் கூலியும் கொடுத்தான்.

இன்று நம் நாட்டுச் சட்டத்திலேயே அச்சமாரியனுடைய பெயர் ஏறியிருக்கிறது. விபத்தில் வீழ்ந்தவருக்கு உதவுவோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் ஏற்று உறுதி செய்தது. பின்னர் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. தம் பெயரை வெளியிடும்படி அவரை வற்புறுத்தவும் இயலாது. 'போலீஸ் தொல்லை வருமே' என்று இனி எவரும் விலகிப் போக வேண்டியதில்லை. விழுந்தவர் வங்காளியா, ஒடியரா, தமிழரா என்று பார்க்கவும் வேண்டியதில்லை. வேற்று மொழி பேசும் நாட்டில் வாழும் நமக்கு, அந்நியன் காட்டிய அன்பைப் பற்றிய அவ்வுவமை மற்றவரினும் நன்றாக விளங்க வேண்டும்.

வீழ்ந்தவரைத் தூக்குவது அறம். எவரும் வீழாதபடி ஓட்டுவது அதனினும் பேரறம். 2022ஆம் ஆண்டில் இந்தியாவின் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. கணக்கிட்டால் நாளொன்றுக்கு 460க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 100க்கு 71 பேர் மிகு வேகத்தால் நேர்ந்த விபத்துகளில் மாண்டவர்கள். தலைக்கவசம் அணியாதோர் மட்டும் 50,029 பேர். வேகம் இரு மடங்கானால், பிரேக்குப் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். இஃது இயற்கையின் விதி. ஓட்டுபவனுடைய திறமைக்கு இது இரங்காது. எங்கள் பத்துக் கற்பனைகளில் கொலையை விலக்கும் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மட்டும் உரியதன்று. 2007ஆம் ஆண்டு வாத்திகன், சாலையில் செல்வோருக்கென்றே பத்துக் கற்பனைகளை வெளியிட்டபோது, அதையே முதலாவதாக வைத்தது.

இனி நம்மிடையே உள்ள சில வழக்கங்களைக் கூறுவோம். எவரையும் நோகச் செய்வது எம் நோக்கமன்று.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை அவசரம். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று, மூடிய கேட்டின் கீழே ஸ்கூட்டரைச் சாய்த்து நுழைப்பதைக் காண்கிறோம். பின்னே மனைவி, முன்னே குழந்தை. மூடிய கேட்டைத் தானே திறப்பவருக்கு 3 ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டென்று 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டம் கூறுகிறது. ஆயினும் தண்டனை இருக்கட்டும். விரைந்து வரும் இரயில், பிரேக்குப் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? சகோதரனுக்கு உன்மீது குறை இருந்தால் காணிக்கையைக் கூடப் பலிபீடத்தின் முன்னே விட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகும்படி கற்பித்தவர் எங்கள் ஆண்டவர். பத்து நிமிடம் தாமதமாக வருபவரை அவர் வாசலில் நிறுத்தமாட்டார்.

இரண்டாவது, வண்டியில் எழுதிய வாசகம். நம் வண்டிகள் பலவற்றில் சிலுவைக் குறி இருக்கிறது; இயேசு காப்பார் என்னும் எழுத்தும் இருக்கிறது. நன்று. ஆனால் அவ்வண்டி சைக்கிள் ரிக்‌ஷாக்காரரை ஓரத்தில் தள்ளி, டோட்டோக்காரரை வைது, மருத்துவமனை வாசலிலும் ஓயாது ஹாரனை அலற விட்டுச் செல்லுமானால், பின்னால் வருபவர் அவ்வெழுத்தைப் படித்து என்ன நினைப்பார்? கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்கலாகாது என்பது நாவுக்கு மட்டும் இட்ட கட்டளை என்று எண்ண வேண்டா. ஆயுத பூசையன்று வண்டிக்கு மாலையிட்டுப் பொட்டிடும் அன்பர்களுக்கும், தத்தம் சமய வாசகத்தைப் பொறித்துள்ள மற்ற அன்பர்களுக்கும் இது பொருந்தும். புனிதமாக்கிய பொருளைப் புனிதமாகவே வழங்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகள் கையில் சாவி. கடைக்குப் போய் வரட்டும் என்று 14, 15 வயதுச் சிறுவனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுக்கிறோம். அவன் கடைக்குப் போவதில்லை; நண்பர் இருவரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகிறான். வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்கிறது சட்டம். அபராதத்தைக் கட்டிவிடலாம், பிள்ளையை எங்கே தேடுவது? அன்புள்ள தகப்பன் கல்லைக் கேட்ட பிள்ளைக்குக் கல்லைக் கொடுப்பவன் அல்லன்; மறுக்க வேண்டியதை மறுப்பவன். தாய்மார்களே! இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் சாவி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். தம்பிமார்களே! தலைக்கவசம் கோழையின் அடையாளமன்று. தாய்க்கு நீங்கள் செலுத்தும் மரியாதை அது.

கரக்பூர் வழியாகச் செல்லும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பாலேசுவரம், புவனேசுவரம், விசாகப்பட்டினம், விசயவாடை ஆகிய நகரங்களைக் கடந்து சென்னைக்குச் செல்கிறது. நம் காலனிக்கு அருகே ஓடும் சாலையும் நம் தாய்நாட்டுச் சாலையும் ஒன்றே. அச்சாலை நெடுக நம் மொழி அறியாதவர் வாழ்கின்றனர். நம் திருக்குறளையும் அவர்களுள் பலர் படித்திலர். எங்கள் திருமறையையும் பலர் படித்திலர். அவர்கள் படிப்பது நம் நடையை. சாலையைக் கடக்கும் கிழவிக்காக ஒரு தமிழன் வண்டியை நிறுத்தினான், ஆம்புலன்சுக்கு ஒதுங்கி வழிவிட்டான், எதிரே வருபவன் கண் கூசாதபடி விளக்கைத் தாழ்த்தினான் என்றால், அதுவே நாம் செய்யும் பிரசங்கம்.

நாளைக் காலையில் வண்டியை எடுக்குமுன் ஒரு கணம் நின்று, இன்று எம்மால் எந்த வீட்டிலும் அழுகுரல் எழாதிருப்பதாக என்று அவரவர் வணங்கும் தெய்வத்தை வேண்டிப் புறப்படுவோமாக. அவ்வேண்டுதலுக்கு ஒத்தபடி கையும் காலும் வண்டியை நடத்துவனவாக.