சேற்றில் ஒரு சவப்பெட்டி



நினைவுச் சொற்பொழிவில் இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படத்துக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழிவாங்கும் கதையைக் கெடுப்பது பெரும்பாலும் பணம்தான். 1966இல் செர்ஜியோ கொர்புச்சி இயக்கிய ‘ஜாங்கோ’ அதற்கு என் சாட்சி.

இன்னோர் இத்தாலிய இயக்குநரான செர்ஜியோ லியோனே ஸ்பெயினின் அல்மெரியாப் பாலைவனத்துக்குப் போய்ப் புழுதியைப் படம் பிடித்தார். கொர்புச்சிக்கு வாய்த்தது சேறு. ரோம் நகரின் ஓரத்தில் எலியோஸ் ஸ்டுடியோவில் ஏற்கெனவே நின்றிருந்த ஒரு கௌபாய்த் தெரு. அதில் கணுக்கால் புதையும் சகதி. அந்தத் தெருவுக்குள் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, குதிரை இல்லாமல், கயிற்றில் ஒரு சவப்பெட்டியை இழுத்தபடி நடந்து வருகிறான் நாயகன் ஜாங்கோ. நடித்த ஃபிராங்கோ நேரோவுக்கு அப்போது 24 வயது.

அந்த ஊரை உற்றுப் பாருங்கள். பள்ளிக்கூடம் இல்லை, குழந்தை இல்லை, வயல் இல்லை. ஒரு மதுக்கடை, அதன் முதலாளி, அங்கே பிழைக்கும் சில பெண்கள், பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். அவ்வளவுதான் ஊர். ஆட்களைக் கூட்டிவரக் காசில்லாத குறை என்று இதை ஒதுக்கிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்திலும் (1956) பழிவெறிதான். ஆனால் அங்கே அடுப்பெரியும் வீடு உண்டு, அக்கம்பக்கம் உண்டு, கல்யாணம்கூட உண்டு. பழி தீர்த்தவன் பதில் சொல்ல வேண்டிய ஓர் ஊர் அது. ஜாங்கோ யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

வில்லன் மேஜர் ஜாக்சனின் ஆட்கள் சிவப்பு முகமூடி அணிந்து வருகிறார்கள். கிடைத்த துணை நடிகர்களின் முகங்கள் சரியாக இல்லாததால் மூடிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியிருந்தாலும், முகமே இல்லாத கொலைகாரக் கூட்டம் இனவெறிப் படைகளை நினைவூட்டிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று. ஜாங்கோ நேசித்த பெண்ணைக் கொன்றவன் ஜாக்சன். சவப்பெட்டியிலிருந்து இயந்திரத் துப்பாக்கியை எடுத்து, கூலிக்கு வந்தவர்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்க்கிற நாயகன், ஜாக்சனை மட்டும் தப்பிப் போக விடுகிறான். தங்கத்தின் மேல் கண். பழியை வாய்தா போட்டுவிட்டுக் கொள்ளையடிக்கப் போகிறான். தங்கம் புதைசேற்றில் போகிறது. அதைத் திருடியதற்குத் தண்டனையாகக் கைகள் இரண்டையும் மெக்சிகோப் புரட்சிக்காரர்கள் நசுக்கிவிடுகிறார்கள்.

கடைசிக் காட்சி அந்தக் கல்லறைத் தோட்டத்தில். விரல் மடங்காதவன் துப்பாக்கியின் விசைக் காப்பைப் பல்லால் கடித்து அகற்றுகிறான். காதலியின் கல்லறைச் சிலுவையில் துப்பாக்கியை முட்டுக்கொடுத்து, நசுங்கிய கைகளால் சுடுகிறான். சண்டைப் பயிற்சியாளருக்கு அங்கே வேலையே இல்லை. வலி மட்டும்தான் தெரிகிறது. ஜாக்சன் செத்தபின் துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டுத் தள்ளாடிப் போகிறான். வெற்றிக் களிப்பு துளியும் கிடையாது.

பிரிட்டனில் தணிக்கையாளர்கள் 1993 வரை இந்தப் படத்தை அனுமதிக்கவில்லை. ஜமைக்காவின் ‘தி ஹார்டர் தே கம்’ (1972) நாயகனோ கிங்ஸ்டன் கொட்டகையில் இதைப் பார்த்துக் கிறங்கிப்போகிறான். தமிழ்த் திரையிலும் கௌபாய்ப் பட அலை அடித்தது: கர்ணன் இயக்கத்தில் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972) வந்தன. அவற்றைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவே வைக்கலாம்.

ஜாங்கோவை இதுவரை பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். காதை அறுக்கும் காட்சி ஒன்று வரும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.